கொழும்பிலிருந்து அஃபிலியேட் பக்கம்: எதில் கட்டுவது, எங்கே வைப்பது

வெள்ளவத்தையில் மடிக்கணினியின் முன் இருக்கும் ஒருவர், டொரொன்டோவில் இன்னொருவர் வாங்கும் மாவரைக்கும் கிரைண்டருக்குக் கொமிஷன் பெறுவது இன்று வியப்புக்குரிய விடயமல்ல. பொருளும் அவருடையதல்ல, கடையும் அவருடையதல்ல. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒற்றைப் பக்கம்தான் அவருடைய தொழில். அந்தப் பக்கத்தை எதில் கட்டுவது, எங்கே வைப்பது என்ற கேள்வி வரும்போது பெரும்பாலானோர் எதில் டெம்ப்ளேட் அழகாக இருக்கிறது, எதில் முதல் மாதம் இலவசம் என்று பார்க்கத் தொடங்குகிறார்கள். அந்த ஒப்பீடு எல்லாம் நன்றாக நடக்கும் நாளுக்கு மட்டுமே பொருந்தும். பிறர் பொருளைச் சிபாரிசு செய்து கொமிஷன் பெறும் இந்த அஃபிலியேட் தொழிலிலோ கெட்ட நாட்கள் வந்துகொண்டே இருக்கும்: விற்பனை நிறுவனம் தன் இணைப்பு முறையை மாற்றும், விளம்பரக் கணக்கு விளக்கமின்றி நிறுத்தப்படும், ரூபாய் சரியும், கருவி நிறுவனம் சந்தாவை உயர்த்தும். அப்படிப்பட்ட ஒரு நாளில் எவ்வளவு நேரத்தில், எவ்வளவு செலவில் தொழிலை மீட்டெடுக்கலாம் என்பதை அளவுகோலாகக் கொண்டு பார்த்தால் தெரிவுகளின் வரிசையே மாறிவிடுகிறது.

தெரிவுகள் நான்கு வகைக்குள் அடங்கும். மாதச் சந்தா கட்டி, உலாவியிலேயே பெட்டிகளை இழுத்து வைத்துப் பக்கம் செய்யும் அன்பவுன்ஸ், லீட்பேஜஸ், கிளிக்ஃபனல்ஸ் போன்ற பில்டர்கள் முதல் வகை. பலர் பங்கிட்டுக்கொள்ளும் வாடகைச் சேர்வரான பகிர்வு ஹோஸ்டிங்கில், தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸை நிறுவிக்கொள்வது இரண்டாவது. உலாவி நேரே வாசிக்கும் வெறும் எச்டிஎம்எல் கோப்புகளாகப் பக்கத்தைச் செய்து, கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் போன்ற உலகெங்கும் பரந்த வலையமைப்பொன்றில் ஏற்றிவிடுவது மூன்றாவது. மாதம் ஐந்தாறு டொலருக்கு விபிஎஸ் எனும் தனி மெய்நிகர் சேர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து எல்லாவற்றையும் தானே நடத்துவது நான்காவது. கொழும்பிலிருந்து சிறிய அளவில் தொடங்குபவருக்குச் சொந்த டொமைனோடு (இணைய முகவரிப் பெயரோடு) மூன்றாவது வழியே ஏற்றது என்பது என் முடிவு. அந்த முடிவு எந்தெந்த நிலைமைகளில் பொருந்தாமல் போகும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கருவிக்கு முன் ஒப்பந்தம்

எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் இரண்டு ஆவணங்களை வாசித்துவிட வேண்டும்: சேரப்போகும் அஃபிலியேட் திட்டத்தின் ஒப்பந்தம் ஒன்று, பார்வையாளரை அனுப்பப்போகும் தளத்தின் கொள்கை மற்றொன்று. அமேசனின் அஃபிலியேட் திட்டமான அமேசன் அசோசியேட்ஸை எடுத்துக்கொண்டால், சேர்ந்து 180 நாட்களுக்குள் தகுதியான 3 விற்பனைகள் நடக்காவிட்டால் கணக்கு மூடப்படும். கொமிஷன் கிடைக்க, பார்வையாளர் இணைப்பைக் கிளிக் செய்த நேரத்திலிருந்து 24 மணித்தியாலங்களுக்குள் பொருளைத் தன் கூடையில் சேர்த்தாக வேண்டும். பொருளின் விலையைப் பக்கத்தில் கையால் எழுதி வைக்க அனுமதியில்லை. அமேசனின் தரவு இடைமுகம் வழியாக வரும் விலையை மட்டுமே காட்டலாம். தேடல் விளம்பரத்தை வாங்கி, வருபவரை நேரே அமேசனுக்குத் திருப்பிவிடுவதும் விலக்கப்பட்டது. தகுதியான விற்பனைகளிலிருந்து வருமானம் பெறுகிறேன் என்ற அறிவிப்பு பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். பார்வையாளர் அமெரிக்கர் என்றால் அந்நாட்டு வர்த்தக ஆணையமான எஃப்டிசியின் விதிகளும் பொருந்தும். 2023 இல் திருத்தப்பட்ட அதன் வழிகாட்டல், பணத் தொடர்பு பற்றிய அறிவிப்பு எவரும் தவறவிட முடியாதபடி தெளிவாகக் கண்ணில் படவேண்டும் என்கிறது. அடிக்குறிப்பில் சாம்பல் நிறச் சிற்றெழுத்தில் ஒளித்து வைத்த அறிவிப்பு அதற்கு ஈடாகாது.

கூகுள் விளம்பரங்களின் கொள்கை இன்னொரு பக்கத்திலிருந்து நெருக்குகிறது. வருபவரை வேறு தளத்துக்கு அனுப்புவதைத் தவிர வேறு பயனில்லாத பக்கத்தை அது பாலப் பக்கம் என்று வகைப்படுத்தி விளம்பரத்தை நிராகரிக்கும். விளம்பரத்தில் தெரியும் டொமைனும் பார்வையாளர் சென்று சேரும் டொமைனும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் அது கேட்கிறது. விளம்பரம் இன்றித் தேடல் முடிவுகளை மட்டும் நம்புவோருக்கும் இதே நிலைதான்: விற்பனையாளரின் விபரங்களைப் பிரதி செய்து, தன் பங்குக்கு எதையும் சேர்க்காத அஃபிலியேட் பக்கங்களைக் கூகுள் தன் ஸ்பாம் கொள்கையில் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

இந்த விதிகள் கருவித் தெரிவை நேரடியாகத் தொடுகின்றன. பில்டர்கள் தரும் டெம்ப்ளேட்டுகளில் பெரும்பாலானவை சொந்தப் பொருளை விற்பவருக்கும், மின்னஞ்சல் முகவரி சேகரிப்பவருக்கும் வடிவமைக்கப்பட்டவை. ஒரு பெரிய தலைப்பு, ஒரு படம், ஒரு பொத்தான் என்று அவை முடிந்துவிடும். அந்த வடிவத்தில் அஃபிலியேட் இணைப்பை வைத்தால் கிடைப்பது கூகுள் வெறுக்கும் பாலப் பக்கமேதான்.

மாறாக, டொரொன்டோத் தமிழ்க் குடும்பத்துக்கான கிரைண்டர் பக்கம் ஒன்றில் என்ன இருக்க வேண்டும் என்று பாருங்கள். கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இலங்கையிலும் இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஆகவே ஊரிலிருந்து உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் கிரைண்டரை அங்கே நேரடியாகச் செருக முடியாது. மின்மாற்றி வாங்கி வோல்ட்டேஜைக் கூட்டினாலும் ஹேர்ட்ஸ் மாறாது என்பதால், இண்டக்ஷன் மோட்டார் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுழலும். மாவும் அதற்கேற்பச் சூடேறும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு லீற்றர் பாத்திரம் தேவையா, சிறியது போதுமா; கல்லைத் தூக்கிக் கழுவ வயதானவரால் இயலுமா; அடுக்குமாடியில் காலை ஆறு மணிக்கு ஓட்டினால் கீழ்வீட்டார் கதவைத் தட்டுவார்களா? இவற்றுக்கெல்லாம் விடை சொல்லும் பக்கம் ஆயிரம் சொற்களையாவது தொடும். அந்தச் சொற்களை எழுதுவதற்கும் திருத்துவதற்கும் வசதியான இடமே நல்ல கருவி. இழுத்து வைக்கும் பெட்டிகள் அதற்கு உதவுவதைவிடக் குறுக்கே நிற்பதே அதிகம்.

கொழும்பில் வேகம் பார்த்து ஏமாறுவது

அடுத்தது தூரம். பக்கத்தைச் செய்து முடித்தவுடன் தன் கைபேசியில் திறந்து பார்த்து, உடனே திறக்கிறது என்று திருப்தி அடைவது இயல்பு. ஆனால் அந்தப் பக்கத்தை வாசிக்கப் போகிறவர் பம்பலப்பிட்டியில் இல்லை. கொழும்பிலிருந்து நடத்துபவர்கள் ஹோஸ்டிங் வாங்கும்போது, கிட்ட இருக்கிறது என்பதற்காகச் சிங்கப்பூர் சேர்வரைத் தெரிவது வழக்கம். இங்கிருந்து சோதித்தால் அது விரைவாகத்தான் தெரியும். சிங்கப்பூருக்கும் டொரொன்டோவுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 15,000 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறது. ஆகவே ஒருமுறை போய்வருவதற்கே 150 மில்லி செக்கன் வேண்டும். கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் செல்வதில்லை என்பதால் நடைமுறையில் 200 ஐத் தாண்டும். பக்கத்தின் முதல் எழுத்து வருவதற்கு முன், தொடர்பை ஏற்படுத்த ஒருமுறை, குறியாக்கத்தை ஒப்புக்கொள்ள ஒருமுறை, பக்கத்தைக் கேட்க ஒருமுறை என்று குறைந்தது மூன்று தடவை போய்வர வேண்டும். சேர்வர் ஒரு வேலையும் செய்யத் தொடங்குவதற்கு முன்பே அரை செக்கனுக்கு மேல் போய்விடுகிறது.

கூகுளின் அளவுகோலில், பக்கத்தின் பெரிய பகுதி 2.5 செக்கனுக்குள் திரையில் தெரிய வேண்டும். அதையும் நூற்றில் 75 வருகைகளிலாவது எட்ட வேண்டும். அந்தக் கணக்கில் தூரத்துக்கே அரை செக்கனுக்கு மேல் கொடுப்பது பெரிய இழப்பு. பரந்த வலையமைப்பில் வைத்த பக்கம் டொரொன்டோவில் இருப்பவருக்கு அந்நகரத்திலேயோ அதை அண்டியோ உள்ள சேர்வரிலிருந்து போகும். இலண்டனில் இருப்பவருக்கு இலண்டனிலிருந்து போகும். கிளவுட்ஃப்ளேருக்குக் கொழும்பிலும் ஒரு நிலையம் உண்டு, ஆதலால் இங்கிருந்து பார்ப்பவருக்கும் வேகம் குறையாது. எதைத் தெரிந்தாலும் வேகத்தைச் சோதிக்கும்போது சோதனை இடத்தைக் கனடாவுக்கோ அமெரிக்காவுக்கோ மாற்றிச் சோதிக்க வேண்டும். பார்வையாளர் இலங்கையிலேயே இருந்தால் மட்டும் இந்தப் பத்திகளின் கணக்கு தலைகீழாகும். அப்போது ரூபாயில் கட்டணம் பெறும் கொழும்பு ஹோஸ்டிங் நிறுவனமே போதும்.

சந்தா எனும் சுமை

பில்டர்களின் பலம் உண்மையானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கோட் எழுதத் தெரியாத ஒருவர் ஒரே பிற்பகலில் பக்கத்தை வெளியிடலாம். படிவம், மின்னஞ்சல் இணைப்பு, இரு வடிவங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஸ்பிளிட் டெஸ்ட் எல்லாம் உள்ளேயே இருக்கும். பெயர் பெற்ற பில்டர்களின் முழு வசதிச் சந்தா மாதம் 100 டொலரை அண்டும். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் மாதம் 30,000 ரூபாய், ஆண்டுக்கு மூன்றரை இலட்சத்துக்கு மேல். கிரைண்டரின் விலை 200 டொலர், கொமிஷன் நூற்றுக்கு 4 என்று வைத்துக்கொண்டால் ஒரு விற்பனைக்கு 8 டொலர் கிடைக்கும். சந்தாவைக் கட்ட மட்டும் மாதம் 13 கிரைண்டர் விற்க வேண்டும். முதல் விற்பனைக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரும் தொழிலில் இந்தக் கடன் முதல் நாளிலிருந்தே ஓடத் தொடங்குகிறது.

2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாய் வரை போனது இங்கே எவருக்கும் மறக்காது. அதே 100 டொலர் சந்தா, எந்தப் புதிய வசதியும் சேராமலே, 20,000 ரூபாயிலிருந்து 36,000 ரூபாய் ஆனது. வருமானமும் டொலரில் வருகிறதே என்று மறுமொழி சொல்லலாம். வருமானம் உள்ளவருக்கு அது சரி. பேபால் வழியாகப் பணம் பெறும் வசதி இலங்கைக் கணக்குகளுக்கு நெடுங்காலம் இல்லாததால், பெரும்பாலானோர் பேயோனியர் வழியே கொமிஷனைப் பெறுகிறார்கள். அந்த மீதியிலிருந்தே டொலராகச் செலவைக் கட்டுபவருக்கு நாணய மாற்றம் வலிக்காது. ஆனால் அந்த மீதி சேரும்வரை கட்டணம் உள்ளூர் வங்கி அட்டையிலிருந்துதான் போகும், வங்கி சேர்க்கும் நாணய மாற்றுக் கட்டணத்தோடு.

ஸ்பிளிட் டெஸ்ட் வசதிக்காகவே பில்டர் வேண்டும் என்பவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கைக் காட்ட வேண்டும். கூகுள் இலவசமாக வழங்கிய ஒப்டிமைஸ் கருவி 2023 செப்டெம்பர் 30 உடன் நிறுத்தப்பட்டபின், பில்டர் நிறுவனங்கள் இந்த வசதியை முன்னிறுத்தியே விற்கின்றன. நூற்றுக்கு 3 பேர் கிளிக் செய்யும் பக்கத்தை 3.6 பேர் கிளிக் செய்யும் பக்கமாக ஒரு மாற்றம் உயர்த்துகிறதா என்று வழக்கமான புள்ளிவிபர உறுதியோடு சொல்வதற்கு, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஏறத்தாழ 14,000 பார்வையாளர்கள் வேண்டும். இரண்டுக்குமாக 28,000 பேர். ஒரு கிளிக்குக்கு விளம்பரச் செலவு அரை டொலர் என்றால் அந்தச் சோதனையின் விலை 14,000 டொலர். மாதம் ஆயிரம் பேர் வரும் பக்கத்தில் பச்சைப் பொத்தானையும் செம்மஞ்சள் பொத்தானையும் மோதவிட்டு வாரக் கடைசியில் வெற்றியாளரை அறிவிப்பது நாணயம் சுண்டிப் பார்ப்பதே. அந்த அளவில் செய்யத் தகுந்தது, பக்கத்தை வாசித்த ஐந்து உறவினர்களிடம் எங்கே குழம்பினீர்கள் என்று கேட்பது. டொரொன்டோவில் ஒரு மாமி இல்லாத கொழும்புத் தமிழர் எத்தனை பேர்?

பில்டரின் கெட்ட நாள் எப்படி இருக்கும் என்று பார்த்தால் தீர்ப்பு இன்னும் கடுமையாகிறது. பெரும்பாலான பில்டர்களில் செய்த பக்கத்தை வெளியே எடுத்து வேறிடத்தில் அப்படியே ஓட்ட முடியாது. சந்தா நின்றால் பக்கமும் நிற்கும். அவர்கள் இலவசமாகத் தரும் துணை டொமைனில் வைத்திருந்தால் நிலைமை அதைவிட மோசம். அதே டொமைனின் கீழ் முகம் தெரியாத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் செய்யும் ஏமாற்று வேலைக்காகச் சமூக ஊடகமொன்று அந்த டொமைனைத் தடுத்தால், தவறு செய்யாதவரின் இணைப்பும் கூடவே விழும். ஒரு பக்கம் மட்டும் போதும், கோட் பக்கமே போகமாட்டேன் என்பவருக்கு ஆண்டுக்கு 19 டொலர் கேட்கும் கார்ட் என்ற சிறு பில்டர் ஒரு நடுவழி. அதில் சொந்த டொமைனை இணைக்கலாம். நீண்ட கட்டுரைக்கு மட்டும் அது இடம் கொடுக்காது.

பெரிய பில்டரை நான் பரிந்துரைக்கும் இடம் ஒன்று உண்டு. ஏற்கெனவே விளம்பரத்துக்கு மாதம் சில ஆயிரம் டொலர் செலவிட்டு, வாரத்துக்குப் பல பக்கங்களை ஏற்றி இறக்கும் குழுவுக்கு நேரமே பெரிய செலவு. அவர்களுக்கு 100 டொலர் அற்பம்.

வேர்ட்பிரஸின் இடம்

வேர்ட்பிரஸ் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அதன் இடம் தெளிவானது. தேடலை நம்பி, ஐம்பது நூறு கட்டுரைகள் கொண்ட தளமாக வளர்க்க நினைப்பவருக்கும், தானல்லாத இருவர் மூவர் எழுதப்போகும் தளத்துக்கும் அதுவே ஏற்றது. எழுதுபவருக்குப் பழகிய திரை, வகைப்படுத்தல், படங்களின் களஞ்சியம் எல்லாம் உண்டு. அஃபிலியேட் இணைப்புகளை ஒரே இடத்தில் வைத்து ஆளும் பிளக்இன்களும் (கூடுதல் வசதி தரும் சிறு மென்பொருள்களும்) உண்டு. முழுத் தளத்தையும் பிரதி எடுத்து வேறு ஹோஸ்டிங்குக்குக் கொண்டுபோகலாம் என்பதால் கெட்ட நாளைத் தாங்கும்.

அதன் விலை கவனத்தில்தான் கட்டப்படுகிறது. ஒவ்வொரு வருகைக்கும் பிஎச்பி நிரல் ஓடித் தரவுத்தளத்தைக் கேட்டுப் பக்கத்தைக் கட்டுவதால், கட்டிய பக்கத்தைச் சேமித்து வைக்கும் கேஷிங் இல்லாத வேர்ட்பிரஸ் மலிவு ஹோஸ்டிங்கில் திணறும். எலிமென்டர் போன்ற வடிவமைப்புப் பிளக்இன்னைச் சேர்த்தால், பில்டரின் பாரத்தையும் சேர்வரின் பராமரிப்பையும் ஒருங்கே தோளில் ஏற்றிக்கொள்கிறோம். புதுப்பிக்காமல் விட்ட ஒரு பிளக்இன் வழியாக உள்ளே வருபவர்கள் எப்போதும் தளத்தை உடைப்பதில்லை. சிலர் சத்தமில்லாமல் அஃபிலியேட் இணைப்பில் உள்ள அடையாள எண்ணைத் தங்களுடையதாக மாற்றிவிட்டுப் போவார்கள். பக்கம் நன்றாகத்தான் இயங்கும், கொமிஷன் மட்டும் வராது. மாதம் ஒருமுறையாவது தன் இணைப்புகளைத் தானே கிளிக் செய்து முகவரியில் தன் எண் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இல்லாதவர் வேர்ட்பிரஸை எடுக்காமல் இருப்பது நல்லது. மாதம் 3 டொலர் என்று விளம்பரப்படுத்தும் பகிர்வு ஹோஸ்டிங்குகள் பலவற்றில் அது முதல் தவணைக்கு மட்டுமான விலை. புதுப்பிக்கும்போது கேட்கும் தொகையை வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

வெறும் கோப்புகளின் வலிமை

மூன்றாவது வழியில் சேர்வர் வேலை என்று ஒன்றுமே இல்லை. பக்கம் ஓர் எச்டிஎம்எல் கோப்பு, கூடவே சில படங்கள். கிளவுட்ஃப்ளேர் பேஜஸின் இலவசத் திட்டத்தில் இத்தகைய கோப்புகளுக்கு வருகை அளவில் வரம்பில்லை. மாதத்துக்கு 500 தடவை புதிய பதிப்பை ஏற்றலாம்; ஒரு தளத்தில் 20,000 கோப்புகள் வரை வைக்கலாம்; ஒரு கோப்பு 25 எம்பியைத் தாண்டக்கூடாது. சிறு அஃபிலியேட் ஒருவர் இந்த எல்லைகளில் எதையும் ஆயுளுக்கும் தொடமாட்டார். சொந்த டொமைனையும் இலவசமாகவே இணைக்கலாம், பாதுகாப்புச் சான்றிதழும் தானாக வந்துவிடும். ஆண்டுக்கு 10 டொலர் அளவிலான டொமைன் கட்டணம் மட்டுமே மிஞ்சும் செலவு.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இலவச ஹோஸ்டிங் எல்லாம் ஒன்றல்ல. கிட்ஹப் பேஜஸை வணிகம் நடத்துவதற்கான இலவச ஹோஸ்டிங்காகப் பயன்படுத்துவதை அதன் விதிகள் அனுமதிப்பதில்லை. வேர்செலின் இலவசத் திட்டம் வணிகமல்லாத சொந்தப் பாவனைக்கு மட்டுமானது. முதன்மை நோக்கம் அஃபிலியேட் இணைப்பாக உள்ள தளத்தை அது வணிகம் என்றே பெயர் சொல்லிக் கணக்கிடுகிறது. இணையத்தில் கிடைக்கும் பயிற்சிக் காணொளிகளில் பல இந்த இரண்டையும் தாராளமாகச் சிபாரிசு செய்கின்றன. ஒரு நாள் காலையில் பக்கம் காணாமல் போனால் முறையிட வழியும் இருக்காது, விதி அவர்கள் பக்கம்.

கோட் தெரியாது என்ற தயக்கம் இந்த வழியின் உண்மையான தடை. ஆனால் ஒற்றைப் பக்கத்துக்குத் தேவையான எச்டிஎம்எல்லும், தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸும் சில வார இறுதிகளில் கற்கக்கூடியவை. ஒருமுறை செய்த பக்கத்தைப் பிரதி எடுத்து அடுத்த பொருளுக்கு எழுத்தை மட்டும் மாற்றலாம். பக்கங்கள் பத்தைத் தாண்டினால் ஹியூகோ, எலெவென்டி போன்ற கருவிகள் ஒரே அச்சிலிருந்து எல்லாப் பக்கங்களையும் உருவாக்கித் தரும். கவனம் தேவைப்படுவது படங்களில். கைபேசியில் எடுத்த கிரைண்டர் படம் ஒன்று 4 எம்பி இருக்கும். அதை 1,200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி வடிவத்தில் சேமித்தால் பெரும்பாலும் 150 கேபிக்குள் வந்துவிடும். அகலத்தையும் உயரத்தையும் கோட்டிலேயே குறித்துவிட்டால், படம் வரும்போது எழுத்துகள் கீழே துள்ளாமல் இருக்கும். அமேசன், அஃபிலியேட் இணைப்பு எடுத்துத் தரும் தன் சைட்ஸ்ட்ரைப் கருவியிலிருந்து பட இணைப்புகளை 2023 இறுதியில் அகற்றிவிட்டதால், சொந்தப் படம் எடுப்பது இப்போது விருப்பத்தைவிடத் தேவையே.

இந்த வழியின் கெட்ட நாளைச் சொல்லிவிடலாம். ஹோஸ்டிங் நிறுவனம் கணக்கை மூடினாலும், கோப்புகள் முழுவதும் சொந்தக் கணினியில் இருக்கின்றன. வேறு நிறுவனமொன்றில் அவற்றை ஏற்றி, டொமைன் எந்தச் சேர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவை அந்தப் பக்கம் திருப்பினால் வேலை முடிந்தது. ஒரு மணித்தியாலம் போதும்.

தனிச் சேர்வர் யாருக்கு?

டிஜிட்டல் ஓஷன் போன்ற நிறுவனங்களில் 1 ஜிபி நினைவகமுள்ள விபிஎஸ் மாதம் 6 டொலர். பக்கத்தை வைப்பதற்காக மட்டும் இதை எடுப்பது வீண் வேலை. ஒரே நகரத்தில் இருக்கும் சேர்வர் தூரப் பிரச்சினையைத் திரும்பக் கொண்டுவரும். மென்பொருள் புதுப்பிப்பு, தீச்சுவர், 90 நாளில் காலாவதியாகும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்ற கவலை எல்லாம் நம் தலையில் விழும்.

விளம்பரத்துக்குப் பணம் கட்டி ஆட்களை வரவழைப்பவருக்குத்தான் அது தேவைப்படும். அதுவும் பக்கத்துக்காக அல்ல, கிளிக்குகளைப் பின்தொடரும் மென்பொருளான ட்ராக்கருக்காக. எந்த விளம்பரத்தின் எந்தச் சொல்லிலிருந்து வந்த கிளிக் விற்பனையாயிற்று என்று தெரியாமல் விளம்பரத்துக்குப் பணம் கட்டுவது இருட்டில் அம்பு எய்வது. சஃபாரி உலாவி 2020 மார்ச்சிலிருந்து பிறதள குக்கிகளை (தளங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சிறு அடையாளக் குறிப்புகளை) முற்றாகத் தடுக்கிறது. பக்கத்தின் ஸ்கிரிப்ட் தானே வைக்கும் குக்கியையும் ஏழு நாளில், சில வேளைகளில் ஒரே நாளில், அழித்துவிடுகிறது. வட அமெரிக்கப் பார்வையாளர்களில் ஐபோன் வைத்திருப்போர் ஏராளம் என்பதால், வேறு டொமைனில் இயங்கும் ட்ராக்கர் விற்பனைகளைத் தவறவிடும். சொந்த டொமைனின் ஒரு கிளையில் ட்ராக்கரை இயக்கி, ஒவ்வொரு கிளிக்குக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, விற்பனை நடந்ததும் அஃபிலியேட் நிறுவனத்தின் சேர்வர் அந்த எண்ணை நேரே நம் சேர்வருக்குச் சொல்லும் போஸ்ட்பேக் முறையே நம்பகமானது. பினொம், கெய்ட்டாரோ போன்ற ட்ராக்கர்களைச் சொந்தச் சேர்வரில் நிறுவலாம். வொலும், ரெட்ட்ராக் போன்றவை சந்தாவுக்கு அதைத் தாங்களே நடத்தித் தரும். அப்போதும் பக்கங்களை பரந்த வலையமைப்பிலேயே வைத்துவிட்டு, ட்ராக்கரை மட்டும் பார்வையாளரின் கண்டத்தில் உள்ள சேர்வரில் வைப்பதே சரி.

இணைப்புகளை ஆள்வது எந்த வழிக்கும் பொதுவானது. மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதிகப் பணத்தைக் காப்பாற்றுவதும் அதுவே. முப்பது பக்கங்களில் சிதறிக் கிடக்கும் அஃபிலியேட் முகவரியை, அந்த நிறுவனம் வேறு வலையமைப்புக்கு மாறிய நாளில் ஒவ்வொன்றாகத் தேடி மாற்ற நேர்ந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. தன் டொமைனின் கீழேயே ஒரு சிறு முகவரியை வைத்து, அதிலிருந்து திட்டத்தின் முகவரிக்குத் திருப்பிவிட்டால், மாற்றம் வரும்போது ஒரு வரியைத் திருத்தினால் போதும். கிளவுட்ஃப்ளேர் பேஜஸில் _redirects என்ற பெயருள்ள ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் ஒரு வரிக்கு ஒரு திருப்பமாக 2,000 நிலையான திருப்பங்கள் வரை எழுதலாம். ஒவ்வொரு வரியின் முடிவிலும் தற்காலிகத் திருப்பத்தைக் குறிக்கும் 302 என்ற எண்ணை இடுவது நல்லது. 301 என்று எழுதினால் அது நிரந்தரத் திருப்பமாகி, உலாவிகள் அதை நினைவில் வைத்துக்கொண்டு பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும். அமேசனுக்கு மட்டும் இந்த உத்தி வேண்டாம். கிளிக் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கும் எதையும் அதன் ஒப்பந்தம் விரும்புவதில்லை, ஆகவே அந்த இணைப்புகளை நேரடியாகவே வைப்பது பாதுகாப்பு. எல்லா அஃபிலியேட் இணைப்புகளிலும் பணத் தொடர்புள்ளது என்பதைக் கூகுளுக்குச் சொல்லும் ஸ்பொன்சர்ட் என்ற குறிப்பையும் சேர்க்க வேண்டும். 2019 செப்டெம்பரில் கூகுள் அறிமுகப்படுத்திய குறிப்பு அது.

கடைசியாக, டொமைன். எந்த வழியைத் தெரிந்தாலும் டொமைனை ஹோஸ்டிங் அல்லது பில்டர் நிறுவனத்தின் இலவச இணைப்பாகப் பெறாமல், தனிப் பதிவு நிறுவனத்தில் சொந்தப் பெயரில் வாங்க வேண்டும்; அவர்களோடு பிணக்கு வந்தாலும் முகவரி நம் கையில் இருக்கும். வெளிநாட்டு வாசகருக்கு டொட் கொம் முகவரியே பழக்கமானது. வெளிநாட்டுக் கொடுப்பனவு அடைத்து வைக்கப்பட்ட வங்கி அட்டையோ, காலாவதியான அட்டையோ பதிவில் இருந்தால் தானியங்கிப் புதுப்பிப்பு தோற்றுவிடும். எச்சரிக்கை மின்னஞ்சல் பார்க்கப்படாத பெட்டியில் கிடக்க, பக்கமும் விளம்பரங்களும் ஒரே நாளில் நிற்கும். சலுகைக் காலம் கடந்துவிட்டால் டொட் கொம் டொமைன் 30 நாள் மீட்புக் காலத்துக்குள் போகும். அப்போது திரும்பப் பெற வழக்கமான கட்டணத்தோடு பெரிய தண்டத் தொகையும் சேரும், அதையும் தாண்டினால் யாரும் எடுத்துக்கொள்ளலாம். டொட் கொம்மை ஒரே தடவையில் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்ய முடியும். பில்டரின் ஒரு மாதச் சந்தாவில் அநேகமாக அந்தப் பத்தாண்டும் அடங்கிவிடும் என்பதால், கையில் டொலர் மீதி சேர்ந்த முதல் மாதத்திலேயே ஐந்து ஆண்டுகளுக்காவது புதுப்பித்துவிட்டு, பதிவு நிறுவனத்தில் கொடுத்துள்ள மின்னஞ்சல் அன்றாடம் திறக்கும் முகவரியா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.